வெறுங்கால்

எனக்குப் பாம்பென்றால் பயம். சின்ன வயதிலிருந்தே பயம், இப்போதும் பயம். படத்தில் பார்த்தாலும் உள்ளங்கை வியர்த்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், நான் பாம்பு பிடிக்கப் பழகுகிறவள் என்று கேள்விப்பட்டதும் எல்லாரும் என்னைப் பயமே அறியாத பிறவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைக்கிறவர்கள் ஒருநாள் என் கையுறையை வாங்கிப் பிழிந்து பார்க்கலாம்.

என் பெயர் சிவகாமசுந்தரி. வயது நாற்பத்து மூன்று. சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் வீடு. போன வருஷம்வரை ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தேன். யாருக்காவது கை முறிந்தால், கார் இடித்தால், வீட்டில் குழாய் வெடித்தால் அந்தக் கதை என் மேசைக்கு வரும். மற்றவர்களுக்கு நடந்ததைப் பற்றிக் குளுகுளு அறையில் உட்கார்ந்து கேள்வி கேட்கிற வேலை. குறை சொல்வதற்கில்லை, நல்ல நாற்காலி.

அந்த நிறுவனம் ஒரு தடவை எங்கள் எல்லாரையும் ஒரு ஹோட்டலில் உட்கார வைத்துப் பயிலரங்கு நடத்தியது. காதோரம் மைக் மாட்டிய ஒருவர் மேடையில் குதித்துக் குதித்து நடந்தார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், உங்கள் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று பாருங்கள், பார்த்ததை இந்த மஞ்சள் தாளில் எழுதுங்கள் என்றார். என் பக்கத்தில் இருந்தவள் கண்ணைக்கூட மூடாமல் 'கொண்டோ வீடு' என்று எழுதிவிட்டாள். எதிரில் இருந்தவர் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். நான் சொன்னபடி கண்ணை மூடினேன். எனக்குத் தெரிந்தது எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தள மாடிப்படி.

அதற்குச் சில நாள் முன்னால் அந்த மாடிப்படிக் கம்பியில் ஒரு மலைப்பாம்பு சிக்கிக்கொண்டிருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பியவர்கள் எல்லாரும் தூரத்தில் நின்று படம் எடுத்தார்கள். விலங்கு மீட்புக் குழுவிலிருந்து ஒரு சீனப் பெண் வந்தாள். என்னைவிட மூத்தவள், குட்டையான உருவம், நரைத்த முடி. கம்பியில் எண்ணெய் தடவி, பாம்பின் காயத்தில் படாமல், கொஞ்சம் கொஞ்சமாக அதை வெளியே எடுத்தாள். கூட்டத்தில் முன்வரிசையில் நான் நின்றிருந்தேன். ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் நகரவில்லை. அவள் நிற்கிற இடத்தில் நான் நிற்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது. தோன்றியது என்பதுகூடச் சரியில்லை, தாகமெடுப்பது போல இருந்தது. பயம் துளியும் குறையவில்லை. பயமும் அந்த ஆசையும் ஒன்றாகவே வந்தன.

ஹோட்டலில் மஞ்சள் தாளில் 'பாம்பு' என்று எழுதினேன். உடனே கசக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மைக் மாட்டியவர் என்னிடம் வந்து கேட்டபோது, இன்னும் ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டேன்.

என் கணவர் அழகப்பனிடம் சொன்ன அன்று அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீ பாம்பு புடிக்கப் போறியா? வீட்டுல பல்லி வந்தா சோபா மேல ஏறி நின்னுகிட்டு என்னைக் கூப்பிடுற ஆளு நீ!"

அது உண்மைதான். ஆனால் நான் வேலையை விட்ட அன்று அவர் சிரிப்பதை விட்டுவிட்டார். அவர் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. ஒருத்தன் தலைக்கவச வாரைக் கட்டாமல் நின்றாலும் அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிடுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த பெண்டாட்டி நான். யோசித்து யோசித்து ஒரு கெடு வைத்தார்.

"ஆடி முடியிற வரைக்கும் பாரு. அதுக்குள்ள அவங்க உன்னை நிரந்தரமா எடுத்துக்கிட்டா சரி. இல்லன்னா பேசாம பழைய ஆபீசுக்கே போயிடு. உன் பாஸ்தான் எப்ப வேணும்னாலும் வான்னு சொல்லியிருக்காரே."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அப்போது தைப்பூசம்கூட வரவில்லை. ஆடி எங்கோ தொலைவில் இருந்தது.

அதன்பிறகு அவர் தடுக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் காலை பத்து மணிக்கு என் கைப்பேசியில் "சாப்டியா?" என்று ஒரு செய்தி வரும். பதினொன்றுக்கு இன்னொரு "சாப்டியா?" வரும். மூன்று மணிக்கும் வரும். பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் யார் சாப்பிடுகிறார்கள்? அவர் கேட்பது சாப்பாட்டை அல்ல என்று எனக்குத் தெரியும். "சாப்டேன்" என்று பதில் போட்டுவிடுவேன்.

மீட்புக் குழுவில் என்னைப் பழக்கியவன் அதீஃப். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவன். குழுவில் நானும் அவனும்தான் தமிழர்கள். சத்தம் போட மாட்டான், அவசரப்பட மாட்டான், பாம்பைப் பார்த்தால் குரலை இன்னும் தாழ்த்திக்கொள்வான். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவனுக்குக் கோபம் வரும். முதல் வாரம் ஒரு மலாய்க்காரர் வீட்டு வாசலில் நான் பழக்கதோஷத்தில் பூட்ஸைக் கழற்றக் குனிந்தேன். என் தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டான்.

"அக்கா, சீனர் வீடோ, மலாய் வீடோ, நம்ம வீடோ, பூட்ஸ் கழட்டவே கூடாது. தரை அழுக்காவுதுன்னு திட்டுவாங்க. திட்டு வாங்கிக்கலாம்லா. கடி வாங்க முடியாது."

மாதங்கள் ஓடின. சாக்கடையில் மலைப்பாம்பு, சலவை இயந்திரத்துக்குப் பின்னால் பச்சைப்பாம்பு, பள்ளிக்கூடக் கழிப்பறையில் உடும்பு. ஒவ்வொரு தடவையும் வேனில் ஏறும்போது திரும்பி வீட்டுக்கே போய்விடலாம் என்றிருக்கும். இறங்கும்போது வாய் உலர்ந்திருக்கும். வேலை முடிந்து கதவைச் சாத்தியதும், இந்த உலகத்தில் எனக்கென்று இருக்கிற இடம் இதுதான் என்று நெஞ்சு நிறைந்துவிடும். காப்புறுதி நிறுவனத்தில் இருந்த அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அப்படி இருந்ததில்லை.

ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை, மத்தியானம், லிட்டில் இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு பூக்கடை. பின்னறையில் கருநாகம். சிங்கப்பூர்க் கருநாகம் கடிப்பது மட்டுமில்லை, எட்டி நின்றே கண்ணைக் குறிபார்த்து விஷத்தைத் துப்பும். அதுவரை நான் கருநாகத்தைத் தனியாகப் பிடித்ததில்லை.

வேனை ஓட்டிக்கொண்டே அதீஃப் சொன்னான்: "இது உங்க கேஸ்க்கா. நான் பக்கத்துல நிப்பேன், கை வைக்க மாட்டேன். இத முடிச்சீங்கன்னா இன்னிக்கே எழுதிக் குடுத்துடுறேன். நீங்க நிரந்தரம்."

எனக்குச் சந்தோஷம் வர வேண்டிய நேரம் அது. ஆனால் சீட் பெல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த என் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. சிராங்கூன் சாலையில் ஆடி வெள்ளிக் கூட்டம் வழிந்தது. சிவப்புச் சேலையும் மஞ்சள் சேலையுமாகப் பெண்கள் பால்குடத்துடன் நடந்தார்கள். வண்டி ஊர்ந்து போனது. அது அப்படியே ஊர்ந்துகொண்டே இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

பூக்கடை வாசலில் திருவிழாக் கூட்டம். எதிர்ப்புற நடைபாதையில் இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண் நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். பெயர் வைஷாலி, கடைக்கார அம்மாவின் மருமகள். மாமியாருக்குத் தெரியாமல் எங்களுக்குப் போன் செய்தவள் அவள்தான்.

"அக்கா, ஜொகூர்லேர்ந்து வந்த வேப்பிலைக் கட்டுல வந்திருக்கு போல. நேரா சாமி மேடைக்குப் பின்னால போயிருச்சு. அத்தை அம்மன் வந்துட்டான்னு பாலும் முட்டையும் வச்சுக்கிட்டு இருக்காங்க. கிட்ட கிட்ட போறாங்க. இவனும் அவங்க பின்னாலயே தவழ்ந்து போறான். எனக்கு உயிரே இல்ல."

அத்தை மங்களம் கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அறுபது வயதிருக்கும், முகமெல்லாம் மஞ்சள், கையில் எரிகிற சூடத்தட்டு.

"ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஆத்தா வீடு தேடி வந்திருக்கா. அவளப் புடிச்சு வாளியில போடுவீங்களா? யாரும் உள்ள போகக் கூடாது."

கூட்டம் ஆமாம் என்றது. அதீஃப் என்னைப் பார்த்தான். நான் பேசினேன். பேசியது நான்தானா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது, அவ்வளவு தணிந்த குரல்.

"அம்மா, வந்தவங்க பால் குடிக்க மாட்டாங்க, முட்டையும் தொட மாட்டாங்க. இவ்வளவு கூட்டத்தைப் பாத்துப் பயந்துபோய் உள்ள இருக்காங்க. அவங்களுக்கும் பயம் இருக்கும்ல? நான் பத்திரமா காட்டுல கொண்டு விட்டுடுறேன். நம்ம கையால யாருக்கும் ஒண்ணும் ஆக வேணாம், அவங்களுக்கும் ஆக வேணாம்."

மங்களம் என்னை மேலும் கீழும் பார்த்தார். சூடம் அணைகிற வரைக்கும் பார்த்தார்.

"பொட்டு வச்சிருக்க. சரி, நீ மட்டும் போ. மரியாதையா கூட்டிட்டுப் போகணும்."

கடைக்கும் பின்னறைக்கும் நடுவில் பூக்கூடைகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. அதீஃப் அந்தப் பக்கம் நின்று கூட்டத்தைத் தடுத்துக்கொண்டான். நான் முகக்காப்பை இறக்கிக்கொண்டேன். கையுறை, நீளக் கொக்கி, இடுக்கி, மூடி போட்ட உயரமான வாளி. பின்னறை நிலைப்படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். மேலே வேப்பிலைத் தோரணம். உள்ளே விளக்கு எரிந்தது. விளக்குக்குப் பின்னால் அம்மன் படம்.

அந்த நிலைப்படியில் நான் குனிந்து இரண்டு பூட்ஸையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.

யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். சாமி மேடை, குங்குமம், விளக்கு. நாற்பது வருஷமாக இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் என் கை என்ன செய்யுமோ அதைச் செய்துவிட்டது. மூளைக்குச் சொல்லவேயில்லை. உள்ளே நாலு அடி வைத்த பிறகு பாதத்தில் ஏதோ பிசுபிசுப்பாகச் சில்லென்று பட்டது. மங்களம் ஊற்றிய பால். குனிந்து பார்த்தேன். என் கால்விரல்கள் பத்தும் பாலில் நின்றுகொண்டிருந்தன.

எனக்கு அப்படியே அழுகை வந்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து அது எழுந்தது.

கறுப்பு. விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் பூசியதுபோன்ற கறுப்பு. கழுத்து விரிந்தது. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். இந்த நேரத்தில் மனசு அமைதியாகிவிடும், எல்லாம் தெளிவாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் காதுக்குள் இரைச்சல். மூச்சு முகக்காப்புக்குள்ளேயே மோதி அதை மங்கலாக்கியது. சீறிய சத்தம் கேட்டது. அடுத்த நொடி என் கண்ணுக்கு நேராக முகக்காப்பின்மேல் இரண்டு கோடுகள் வழிந்தன.

பின்னால் நகர முடியாது, பால் வழுக்கும். ஓடவும் முடியாது, காலை அசைத்தால் அது கொத்தும். கொக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். நாகம் தலையைத் தாழ்த்திக்கொண்டு மேடையிலிருந்து இறங்கியது. மூலையில் கிடந்த வேப்பிலைக் கட்டுதான் அதற்கு வேண்டியிருந்தது. அந்த மூலைக்கும் அதற்கும் நடுவில் நான் நின்றிருந்தேன்.

அது என் வலது பாதத்தின்மேல் ஏறியது.

ஈரமாக இருக்கும் என்று எப்போதும் நினைத்திருந்தேன். ஈரமில்லை. வறண்டு, குளிர்ந்து, கனமாக இருந்தது. அது ஊர்கிறபோது உள்ளே தசை அசைவது என் எலும்பில் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எனக்குச் சாமி ஞாபகம் வரவில்லை. பத்து மணிக்கு வந்த "சாப்டியா?"வுக்கு இன்று நான் இன்னும் பதில் போடவில்லை என்பது மட்டும்தான் ஞாபகம் வந்தது. பதில் போடாமல் போய்விடுவேனோ, அவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று அதையே திரும்பத் திரும்ப நினைத்தேன்.

வால் என் விரல்களை விட்டு இறங்கியது. அதன்பிறகு கை தன் வேலையைச் செய்தது. கொக்கியை உடம்பின் நடுவில் கொடுத்துத் தூக்கி, இடுக்கியால் வால் பக்கத்தை மெதுவாகப் பிடித்து, வாளியில் இறக்கி மூடினேன். மூடியின் கொக்கிகளை மாட்டினேன். மாட்டிவிட்டு அந்தப் பாலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்துச் சன்னல் கம்பி வழியாக யாரோ கைப்பேசியில் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தார்கள். "அம்மா இந்தப் பொண்ணு கால்ல ஏறி இறங்கினா!" என்று ஒரு குரல் கத்தியது. அவ்வளவுதான். குலவைச் சத்தம் கடையை நிறைத்தது. மங்களம் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு வந்து, அறுபது வயதில், என் முன்னால் மண்டியிட்டு என் கால்களைக் கழுவி மஞ்சள் பூசினார். வேண்டாம்மா, வேண்டாம்மா என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. "செருப்பில்லாம போனா பாத்தியா, அதான் ஆத்தாவே வந்து தொட்டா" என்றார். கழுத்தில் மாலை விழுந்தது. முன்பின் தெரியாத பெண்கள் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பூக்கூடைகளுக்கு மேலாக அதீஃப் எட்டிப் பார்த்தான். என் கால்களைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். வந்து வாளியை எடுத்துக்கொண்டான்.

வேனைச் சந்துமுனை வரை ஓட்டி நிறுத்தினான். கையை ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தான்.

"நீங்க கழட்டினத நான் பாக்கலக்கா. கூடை மறைச்சிருச்சு. பாத்திருந்தா இழுத்துப் போட்டிருப்பேன்."

"தெரியும் தம்பி. நான் வேணும்னு செய்யல. கை தானா கழட்டிருச்சு."

"அதான்க்கா பயமா இருக்கு. வேணும்னு செஞ்சிருந்தா திட்டிட்டு விட்டுருவேன். தானா கழட்டின கை அடுத்த தடவையும் கழட்டும். அதுவும் இன்னிக்கு அவங்க காலைக் கழுவி மாலை போட்டிருக்காங்க. அடுத்த அம்மன் கோயில்ல பூட்ஸோட உள்ள விடுவாங்களா உங்கள?"

அவன் அலுவலகத்துக்குப் போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னான். கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். பதிலும் அங்கேயே வந்துவிட்டது. என்னை நீக்கவில்லை. ஆனால் நிரந்தரம் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து மறுபடி முதலிலிருந்து, வகுப்பறையிலிருந்து. வெளி அழைப்புகள் எதுவும் கிடையாது. தீபாவளி வரைக்குமாவது ஆகும் என்றார்கள். ஆடி முடிய இன்னும் சில நாள்தான் பாக்கி இருந்தது.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் அந்த வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் கதவைத் திறந்ததும் நெய் வாசனை. அழகப்பன் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ரவா கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். ஈசூனில் இருக்கிற அவருடைய அக்கா, என்னைப் பாம்பாட்டி என்று ஆறு மாதமாகக் கேலி செய்தவர், மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாராம்.

"அக்கா என்ன சொல்லுச்சு தெரியுமா? உன் பொண்டாட்டி சாதாரண ஆளு இல்லடா, அம்மனே வந்து தொட்டிருக்கான்னு அழுவுது!" என்று சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்க பாரு சுந்தரி, கெடு கிடு எல்லாம் இனிமே இல்ல. நீ போ. உனக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த மஞ்சளக் கழுவிடாத, அப்படியே இருக்கட்டும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த நெற்றி சுருக்கமில்லாமல் இருந்தது. பயம் போய்விட்டிருந்தது. ஒரு தலைக்கவச வாருக்காக வேலையை நிறுத்துகிற மனிதர், தன் பெண்டாட்டி வெறுங்காலில் நாகத்தின் முன்னால் நின்ற வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கெடு இல்லை, கேலி இல்லை, பத்து மணிச் செய்திகூட இருக்காது. குழுவில் மறுபடி முதலிலிருந்து என்றால், மேற்படிப்பு மாதிரி ஏதோ என்று சொல்லிக்கொள்ளலாம். ஊரும் உறவும் பூ வைத்து அனுப்பிவைக்கும். நான் வேண்டியது எல்லாம் கிண்ணத்தில் போட்ட கேசரி மாதிரி கைக்கு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அவர் என்னைப் பழைய ஆபீசுக்குப் போகச் சொல்வார். சொல்ல அவருக்கு உரிமையும் இருந்தது, நான் வாக்குக் கொடுத்தவள். மத்தியானம் அந்த அறையில் பயந்ததைவிட இங்கே, என் வீட்டுச் சமையலறையில், அதிகமாகப் பயந்தேன்.

ஆனால் அதீஃப் கேட்டது காதிலேயே இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகாது என்று இவர் நம்புவார். அக்கா நம்புவார். சிராங்கூன் சாலையே நம்பும். போகப்போக நானும் நம்பிவிடுவேன். நம்பினேன் என்றால் ஒருநாள் செத்துப்போவேன். நான் ஆசைப்பட்டது அந்தச் சீனப் பெண்மணி நின்ற இடத்துக்கு. அவள் காலை யாரும் கழுவவில்லை, அவள் பூட்ஸ் போட்டிருந்தாள்.

"என்னங்க, அடுப்ப அணைங்க."

அணைத்தார்.

"அது அருள் இல்லங்க. அது தப்பு. பூட்ஸ கழட்டக் கூடாது. நான் மறந்து கழட்டிட்டேன். உள்ள போன பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது. அது ஏறி இறங்கினப்ப அம்மனாவது ஒண்ணாவது, நான் செத்துட்டேன்னு நெனச்சேன். கடிக்காம போனது அது இஷ்டம்."

அவர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். அந்த நெற்றியில் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதை நான் பார்த்துக்கொண்டே பேசினேன். நிறுத்தினால் மறுபடி பேச முடியாது என்று தெரியும்.

"அவங்க என்னை எடுத்துக்கல. திங்கக்கெழமையிலேருந்து மறுபடி முதல்லேர்ந்து படிக்கச் சொல்றாங்க. தீபாவளி ஆயிடும். உங்களுக்கு வாக்குக் குடுத்தேன், ஞாபகம் இருக்கு. அத நான் காப்பாத்தப் போறதில்ல. பழைய ஆபீசுக்குப் போக மாட்டேங்க. நீங்க கோவிச்சுக்கிட்டாலும் போக மாட்டேன்."

கைப்பேசி மணியடித்தது. ஈசூன் அக்கா. அவர் எடுத்துப் பார்த்து, அணைத்து, கவிழ்த்து வைத்தார். கரண்டியையும் வைத்தார். பிறகு துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"காலைக் காட்டு."

நீட்டினேன். என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு மஞ்சளைத் துடைக்க ஆரம்பித்தார். அழுத்தித் துடைத்தார். தோல் தெரிந்ததும் கைப்பேசி விளக்கைப் போட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, இடுக்கெல்லாம் பார்த்தார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு தடவை பார்த்த இடத்தையே மறுபடியும் பார்த்தார். விளக்கு வெளிச்சம் என் கால்மேல் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது.

"எங்க ஏறிச்சு?"

"இங்க. இப்படிக் குறுக்கால."

அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"திங்கக்கெழமை எத்தன மணிக்குப் போகணும்?" என்றார்.

"எட்டு மணிக்கு."

"படிச்சு முடிச்சு மறுபடி வேன்ல போவேல்ல. போற அன்னிக்கு லீவு போட்டுட்டு பைக்ல பின்னாலயே வர்றேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "பின்னாலயே வந்து என்ன பண்ணுவீங்க?"

"பயப்படுவேன்" என்றார்.